நூற்றுக்கு நூறு வாங்கிய ஆச்சியால் கோலம் போட முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 8, உலக இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) நாளன்று தங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தை எங்கள் பிரிவில் இருக்கிற மூன்று பேரும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், பக்கவாதம் என்று ஒவ்வொன்றுக்கும் பிசியோதெரபி என்ன செய்யும் என்பதை எளிமையாக எழுதியிருந்தீர்கள். மறுநாளே இரண்டு பேர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு சிகிச்சைக்கு வந்தார்கள். அதற்கு முதலில் நன்றி.

அந்தப் பக்கத்தில் எடுத்துக்காட்டிய ஆய்வுகள் அத்தனையும் வெளிநாடுகளில் நடந்தவை. தங்கள் செய்தியாளர் சரியாகத் தேடவில்லை என்று சொல்ல மாட்டேன். தேடியிருந்தாலும் நம் ஊரில் எங்களைப் போன்றவர்கள் செய்ததாக அதிகம் அகப்பட்டிருக்காது. அது ஏன் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படித்து, முடிந்தால் முழுதாக வெளியிட வேண்டுகிறேன்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பணியில் சேர்ந்து 19 வருஷம் ஆகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன ஓர் ஆச்சி எங்களிடம் வந்தார். முதல் நாள் மகன் தூக்கிக்கொண்டுதான் வந்தார். நான்கு மாதம் விடாமல் வந்தார்கள். பேரலல் பார் என்கிற இரட்டைக் கம்பிகளைப் பிடித்து நடந்து, பிறகு கோல் ஊன்றி நடந்து, கடைசியில் கோலையும் மகனிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் தனியே நடந்தார். சிகிச்சை முடிக்கிற அன்று வழக்கம்போல் பார்த்தெல் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன்.

பார்த்தெல் அட்டவணை என்பது பக்கவாத நோயாளி அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்கும் பத்துக் கேள்விகள். தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, தலை வாரி முகம் கழுவுகிறாரா, உடுத்துகிறாரா, மலமும் சிறுநீரும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா, கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சமதரையில் நடக்கிறாரா, படி ஏறுகிறாரா என்று கேட்டு மதிப்பெண் போடுவோம். மொத்தம் 100. ஆச்சிக்கு நூற்றுக்கு நூறு வந்தது. சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரியாயிட்டுன்னு எழுதிட்டீயளா? வாசல்ல குத்தவச்சு ஒரு கோலம் போட முடியலியே தாயி. மருமவ போடுதா, நான் திண்ணையில உக்காந்து பாத்துட்டு இருக்கேன்."

அவரைக் குத்தவைத்து உட்காரச் சொல்லிப் பார்த்தேன். பாதி வரை இறங்கினார். வலது கணுக்கால் மடங்கவில்லை, குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது, பின்னால் சாய்ந்தார், பிடித்துக்கொண்டேன். வீட்டில் மேற்கத்திய கோப்பை வைத்திருந்ததால் கழிப்பறைக் கேள்வியிலும் அவருக்கு முழு மதிப்பெண். தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று அந்தப் பத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இதைக் கவனிக்க ஆரம்பித்தேன். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நன்றாக நடந்தார், ஆனால் தொழுகையில் நெற்றி தரையில் பட முடியவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். அவருக்கு அது பெரிய வேதனை. பீடி சுற்றுகிற ஓர் அம்மாவுக்குக் கை முழுதாகத் திரும்பிவிட்டது, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. அதனால் பிழைப்பு போயிற்று. டவுன் பஸ்ஸின் முதல் படி, வீட்டுப் படியைப் போல் இரண்டு மடங்கு உயரம். வீட்டுப் படி ஏறுகிறவர் பஸ் ஏறுவார் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் எங்கள் கண் முன்னால் தினமும் நடக்கிறது. எங்கள் தாளில் எங்கும் பதிவாவதில்லை.

கல்லூரியில் படித்தபோது பார்த்தெல் என்பவர் ஒரு பெரிய டாக்டராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். பின்னால்தான் தேடிப் படித்தேன். 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் அந்த அட்டவணை வெளிவந்திருக்கிறது. எழுதியவர்கள் இருவர். ஃபுளோரன்ஸ் மஹோனி மருத்துவர். டொரோத்தியா பார்த்தெல் பிசியோதெரபிஸ்ட். அச்சில் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1955 முதல், அந்த மாநிலத்தின் நாள்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனைகளில் அதை வைத்துக் குறித்து வந்திருக்கிறார்கள். நாங்கள் செய்கிற இதே வேலையைச் செய்த ஒரு பெண், தன் நோயாளிகளை வருஷக்கணக்கில் கவனித்து எழுதியதை இன்று உலகமே பயன்படுத்துகிறது. அவர் ஊர் நோயாளிகள் தரையில் உட்காருகிறவர்கள் இல்லை, அவர் கேட்கவில்லை. நம் ஊர்க் கேள்விகளை நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய பயிற்சியும் நேரமும் அனுமதியும் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

எங்களைப் போன்றவர்கள் என்று நான் சொல்வது பிசியோதெரபிஸ்டுகளை மட்டும் அல்ல. ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே எடுக்கிறவர், கண் பரிசோதகர், உணவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறை சிகிச்சையாளர், டயாலிசிஸ் நுட்புநர் என்று ஒரு மருத்துவமனையில் நோயாளியோடு அதிக நேரம் இருக்கிற பலரையும் சேர்த்துத்தான். எல்லோரையும் 'பாராமெடிக்கல்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 2021-இல் நாடாளுமன்றம் இவர்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியது. அந்தச் சட்டம் 'ஹெல்த்கேர் புரொஃபஷனல்' என்பவர் யார் என்று விளக்கும் இடத்தில், படிப்பவர், ஆலோசனை சொல்பவர், ஆய்வு செய்பவர், மேற்பார்வை பார்ப்பவர், சிகிச்சை தருபவர் என்று வரிசையாகச் சொல்கிறது. சிகிச்சை தருபவர் என்பதற்கு முன்னாலேயே ஆய்வு செய்பவர் என்பது வந்துவிடுகிறது. அந்த வரியை நான் பிரதி எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பக்கவாத நோயாளிகள் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்தோடு வருவதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மாத அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத இடம் உண்டு, எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று எழுத இடம் கிடையாது. 'அவங்களுக்கு நம்பிக்கை இல்லை, நாட்டு வைத்தியத்துக்குப் போயிருப்பாங்க' என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். 2016-இல் ஒரு குயர் நோட்டு வாங்கி, பக்கவாதத்துக்கு வருகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, முதலில் வந்த தேதி, கடைசியாக வந்த தேதி, நின்றால் என்ன காரணம் என்று குறிக்க ஆரம்பித்தேன். நின்றவர்களுக்குச் சாயங்காலம் வீட்டிலிருந்து போன் போட்டுக் கேட்டேன்.

நாட்டு வைத்தியத்துக்குப் போனதாகச் சொன்னவர்கள் சிலர்தான். நோயாளிக்கு வர ஆசை இருந்தது, கூட்டி வர ஆள் இல்லை என்பதே அடிக்கடி வந்த பதில். நடவு தொடங்கினால் மகனும் மகளும் வயலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்து நெல் பருவங்களான காரில் ஒரு முறையும் பிசானத்தில் ஒரு முறையும் என் நோட்டில் பெயர்கள் கொத்தாக நின்றுபோயின. இன்னொன்று எனக்கு அதுவரை தெரியாதது. ஒரு மருமகள் சொன்னார்: "பத்து மணிக்குக் கடையில பீடி குடுக்கணும்க்கா. விட்டா அன்னைக்கு இலையும் கெடையாது, தூளும் கெடையாது. மாமாவ ஒங்ககிட்ட கூட்டியாந்தா எம் பொழப்பு போவுது." நாங்கள் பக்கவாத நோயாளிகளுக்கு ஒதுக்கியிருந்த நேரம் சரியாகப் பத்து மணி.

மறு வாரமே பீடி சுற்றுகிற வீட்டுக்காரர்களைக் காலை ஏழரைக்கு வரச் சொன்னேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்டு எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடலாம். நின்றுபோன சிலர் திரும்பி வந்தார்கள். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இதை முறையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பலாம், மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது. ஆய்வில் நோயாளிகளுக்குத் தீங்கு வராமல் பார்க்கிற நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் நோயாளிகளின் விவரத்தைச் சேகரித்து வெளியிடக் கூடாது என்றார்கள். அது நியாயமான விதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். இத்தனை பேருடைய பெயரும் போன் எண்ணும் நோயும் பூட்டில்லாத என் இழுப்பறையில் கிடந்ததே என்று அன்றைக்கு உறைத்தது. சரி, இனி முறைப்படி செய்வோம் என்று அனுமதி கேட்கப் போனேன்.

எங்கள் மருத்துவமனையில் நெறிமுறைக் குழு இல்லை. வேறு ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருக்கிற குழுவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். படிவத்தில் முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் அந்தக் கல்லூரி மருத்துவர் ஒருவருடைய கையெழுத்து வேண்டும். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. மூன்று முறை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு முறை குழு கூடவில்லை, ஒரு முறை புள்ளியியலாளரிடம் மாதிரி அளவு, அதாவது எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணக்கிட்டு வாங்கி வரச் சொன்னார்கள், ஒரு முறை படிவம் மாறிவிட்டது என்றார்கள். என் மேலதிகாரி கோபப்படவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "கேஸ் பார்க்கவே ஆள் இல்லை, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. 2018-இல் நோட்டை நிறுத்திவிட்டேன்.

அதை நிறுத்தியதற்கு இன்று வரை வருந்துகிறேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருகிறவருக்கும் அதுவே. அதற்குப் பிறகு பெண் நோயாளிகள் இடையில் நிற்பது குறைந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிற மருமகள்களை முன்பைவிட அதிகமாகப் பார்க்கிறேன். ஆனால் அது என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, அவ்வளவுதான். 'ஆமாம், குறைந்திருக்கிறது' என்று எழுத என்னிடம் கணக்கு இல்லை. அந்த நோட்டு தொடர்ந்திருந்தால், ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் பக்கவாத நோயாளி நடப்பதற்கும் உள்ள தொடர்பை ஓர் ஊர் அளவிலாவது காட்டியிருக்கலாம். போன வருஷங்களின் விவரத்தை இனி எங்கே போய் எடுப்பது?

என் சிநேகிதி ஒருவர் வேறொரு மருத்துவமனையில் ஆய்வக நுட்புநர். ஒரு குறிப்பிட்ட வழியாக வருகிற ரத்த மாதிரிகளில் மட்டும் பொட்டாசியம் அடிக்கடி கூடுதலாக வருவதைக் கவனித்தார். சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்து கணக்கைக் கூட்டிக் காட்டும். மாதிரிக் குழாய்கள் பைக்கில் ஒரு பையில் படுத்த வாக்கில் குலுங்கிக் குலுங்கி, மதிய வெயிலில் வந்துகொண்டிருந்தன. நேராக நிற்கிற மாதிரி ஓர் அட்டைப் பெட்டி செய்து கொடுத்தார், சரியானது. இல்லாத நோய்க்கு யாருக்காவது சிகிச்சை போயிருக்குமே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் கண்டுபிடித்தது அந்த ஆய்வகத்தின் சுவரைத் தாண்டவில்லை.

இனி எங்கள் படிப்பைப் பற்றி. பிசியோதெரபி முதுநிலைப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நானும் எழுதினேன். உறைந்த தோள்பட்டைக்கு, அதாவது தோள் மூட்டு இறுகிப்போவதற்கு, இரண்டு விதமான கைமுறை சிகிச்சைகளை ஒப்பிட்டேன். முப்பது நோயாளிகள், பதினைந்து பதினைந்தாக இரண்டு குழு, நான்கு வாரம். இந்தப் படிப்பைப் படித்தவர்களுக்கு இந்த அளவுகளைக் கேட்டதுமே சிரிப்பு வராது, பெருமூச்சு வரும். எல்லோரும் இதைத்தான் செய்தோம். முப்பது பேரை வைத்துப் பெரிதாக எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது வழிகாட்டிக்கும் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும். கறுப்பு அட்டையில் தங்க எழுத்தில் கட்டிக் கொடுத்தோம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. நல்ல காரியம். அதைத் திறந்து பாருங்கள், ஒரே மூட்டு வலி, ஒரே தோள்பட்டை, ஆளுக்கொரு அளவுகோலில், ஆளுக்கு முப்பது பேர். ஒன்றோடு ஒன்றைக் கூட்ட முடியாது.

அந்த உழைப்பு அத்தனையும் ஒரு கேள்வியை நோக்கிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பக்கவாத நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, பயிற்சி பெற்ற குடும்பத்தாரே உடற்பயிற்சி கொடுத்தால் பலன் கூடுமா என்று 'அட்டென்ட்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த குழுவிலும் கொடுக்காத குழுவிலும் இறந்தவர்களும் பிறரை நம்பியிருந்தவர்களும் சேர்ந்து 47 சதவீதம். வித்தியாசம் இல்லை.

அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருஷமும் ஒவ்வொரு மகளுக்கும் மருமகளுக்கும் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுதான் ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற வழி என்று மனசார நம்பினேன். இப்போதும் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஏற்கெனவே பீடியும் அடுப்பும் குழந்தையுமாக இருக்கிற ஒரு பெண்ணிடம் 'இதையும் தினமும் ஒரு மணி நேரம் செய்' என்று சொல்லும்போது இப்போது யோசிக்கிறேன். எந்த நோயாளிக்கு, எந்தப் பயிற்சி, எத்தனை நாள் என்று குறைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. என் நம்பிக்கை தவறாக இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது ஓர் ஆய்வு. இதற்காகத்தான் ஆய்வு வேண்டும் என்கிறேன். பதவி உயர்வுக்கோ பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதற்கோ இல்லை.

பத்துக் கல்லூரிகள் ஒன்று சேர்ந்து ஒரு வருஷத்துக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அளவுகோலில் அளந்தால், ஆளுக்கு முப்பது என்பது முந்நூறு ஆகும். ஒவ்வொரு மாணவரும் தன் பங்குக்கான ஆய்வேட்டைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும், விவரங்கள் மட்டும் ஓரிடத்தில் சேரட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தொடங்கிவிடலாம். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரிப் பேராசிரியர்களோடு தாலுகா மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களையும் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். பத்து மணியும் பீடிக் கடையும் கல்லூரி நூலகத்தில் அகப்படாது.

நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம். சென்னையின் நெரிசலான, ஏழ்மையான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் வைத்த நோயாளிகளையும் ஒப்பிட்டு, வீட்டிலேயே குணமாக்கலாம், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாறியது. அந்த ஆய்வு டாக்டர்களால் மட்டும் நடந்துவிடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி வந்த சுகாதாரப் பார்வையாளர்களும் செவிலியர்களும், சளி மாதிரியை வளர்த்துப் பார்த்த ஆய்வக ஊழியர்களும் இல்லாமல் அது நடந்திருக்காது.

அந்த மாதிரி வீடு வீடாகப் போகிற ஆட்கள் இன்றும் நம்மிடம் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் நோயாளிகளின் வீட்டுக்கே போகிறார்கள். வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறை எப்படிப்பட்டது, தரையிலா கட்டிலிலா படுக்கிறார் என்பதையெல்லாம் நேரில் பார்க்கிறவர்கள் அவர்கள். இத்தனை வீடுகளுக்குள் நுழைகிற வாய்ப்பு கிடைத்த பிசியோதெரபிஸ்டுகள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் எல்லோரும் நோயாளியின் சம்மதத்தோடு ஒரே மாதிரி நாலைந்து கேள்விகளைக் கேட்டு, ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டால் எவ்வளவு தெரியவரும்!

அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஆய்வு செய்ய முன்வருகிற பணியாளருக்கு வாரத்தில் அரை நாள், அதைப் பணி நேரமாகவே கணக்கிட்டுக் கொடுங்கள். லீவு போட்டுவிட்டு ஆய்வு செய்ய நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தியால் எத்தனை நாள் முடியும்? சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு நோயாளிகளுக்குப் போன் போட்டவள் நான், அதனால் சொல்கிறேன். அந்த அரை நாள் கிடைத்தால் மற்றவை பின்னால் வரும். மாவட்டத்துக்கு ஒரு புள்ளியியலாளரை நாங்கள் அணுகிக் கேட்கும்படி இருக்கட்டும். தாலுகா மருத்துவமனையில் இருந்தபடியே நெறிமுறைக் குழுவுக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்க வழி வேண்டும். தகுதி இருந்தால் பிசியோதெரபிஸ்டோ ஆய்வக நுட்புநரோ முதன்மை ஆய்வாளராகக் கையெழுத்துப் போடலாம் என்று தெளிவாக எழுதி வைத்தால் போதும், பாதிக் கதவு திறந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் மருத்துவ மாணவர்களுக்காக இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை ஒன்றைத் தொடங்கியது. அப்படி ஒன்றை நம் மாநிலமே எங்கள் துறை மாணவர்களுக்காகத் தொடங்கலாம்.

இளைய சகாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'மதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் கட்டுரையை மூன்று நாளில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் வரும். எனக்கு வாரம் நாலைந்து வருகிறது. நான் பேராசிரியர் இல்லை. பணத்தைக் கட்டினால் எதை எழுதினாலும் போடுவார்கள், படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்ல ஆள் இருக்காது. வழிகாட்ட யாரும் இல்லாத இடத்தில்தான் இவர்கள் வலை விரிக்கிறார்கள். எங்கள் பிரிவிலேயே ஒரு பையன் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட கட்டிவிட்டு வந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கட்டுரை எழுதினால் மதிப்பெண் என்று சொல்லிவிட்டு எப்படி எழுதுவது என்று நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். இந்த முறை நோயாளியின் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நோட்டு பீரோவில், சாவி என் கையில். அனுமதிக்கான விண்ணப்பத்தையும் முறைப்படி தயார் செய்துகொண்டிருக்கிறேன், அது கிடைத்த பிறகுதான் எழுதத் தொடங்குவேன். முதல் பக்கத்தில் ஐந்து கேள்விகள் மட்டும் இருக்கின்றன. சம்மணம் போட்டு உட்கார்ந்து பிடிமானம் இல்லாமல் எழ முடிகிறதா? குத்தவைத்து உட்கார முடிகிறதா? சேலையோ வேட்டியோ தானே கட்டிக்கொள்கிறாரா? டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குகிறாரா? பக்கவாதம் வருவதற்கு முன்னால் தினமும் செய்த, அவருக்கு முக்கியமான ஒரு வேலையை இப்போது செய்கிறாரா? கடைசிக் கேள்வி ஆச்சி கொடுத்தது. ஆச்சி இப்போது வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நீளமான குழாய் வழியாகக் கோலப்பொடியை விட்டுச் சின்னதாக ஒரு கோலம் போடுகிறார். மகன் செய்து கொடுத்த குழாய்.

ஒரே நோயாளியிடம் இந்த ஐந்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பதில் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு மருத்துவமனை வேண்டும், என்னைத் தெரியாத இன்னொரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ, வேறு மாதிரி வேலை செய்கிற, வேறு மாதிரி வீடுகளில் இருக்கிற ஜனங்களைப் பார்க்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. விருப்பம் உள்ளவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் முகவரியைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்,
திருநெல்வேலி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)